எதிரிக்கு ஒரு பர்மிட்

பல் பிடுங்குகிறவனுக்கும் பர்மிட் கொடுக்கிறவனுக்கும் எதிரே சிரித்த முகத்தோடு உட்கார்ந்தவர் இதுவரை யாரும் கிடையாது. பல் பிடுங்குகிறவனாவது வேலை முடிந்ததும் வாயைக் கொப்பளிக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவான். நாங்கள் "அடுத்த வாரம் வாருங்கள்" என்று அனுப்புவோம்.

யுத்த காலத்தில் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில், ஒரு பழைய வீட்டு மாடியில், எதிரி தேசத்தாருக்கென்று ஓர் ஆபீஸ் இருந்தது. அதில் நான் குமாஸ்தா. நம் சர்க்காரோடு சண்டைக்கு நிற்கிற தேசத்துப் பிரஜைகள் பட்டணத்தில் யார் இருந்தாலும் எங்களிடம் வந்து பதிந்துகொள்ள வேண்டும். வாரா வாரம் திங்கட்கிழமை முகத்தைக் காட்ட வேண்டும். பட்டணத்து எல்லையைத் தாண்டுவதானால் பர்மிட் வாங்க வேண்டும். தெற்கே அடையாற்றுப் பாலம்தான் எல்லை. பர்மிட் இல்லாமல் பாலத்துக்கு அந்தப் பக்கம் கால் வைத்தால் ஸ்டேஷன். அப்புறம் முள்வேலி போட்ட முகாம்.

ரேஷன் கடையிலும் ரயில்வே புக்கிங் ஜன்னலிலும் நின்று நின்று கால் கடுத்துப்போன வாசகர்களே! ஜன்னலுக்கு உள்ளே இருக்கிற மனுஷனுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தேதான் நம்மை அலைக்கழிக்கிறான் என்றுதானே உங்கள் கோபம்? அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. நான் உள்ளே இருந்தவன், எனக்குத் தெரியும்.

சாந்தோம் இத்தாலி

இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், பட்டணத்தில் இருக்கும் இத்தாலிக்காரர்கள் எல்லாம் வந்து பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. நான் இத்தாலிக்காரரைப் பார்த்ததே இல்லை. புதுப் பேனா, புது மைக்கூடு எல்லாம் வைத்துக்கொண்டு, ஆறடி உயரத்தில் தொப்பியும் மீசையுமாக யாரோ வரப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது, கறுத்த உடம்பும் கண்டாங்கிச் சேலையும் வாய் நிறைய வெற்றிலையுமாக ஐம்பது வயது அம்மாள் ஒருத்தி. "அம்மா, ஆஸ்பத்திரி அடுத்த தெரு. இது எதிரி தேசத்தார் வருகிற இடம்" என்றேன். "தெரியும் நைனா. நான்தான் இத்தாலி" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

பெயர் ரோசம்மா. சாந்தோம் குப்பத்தில் பிரசவம் பார்க்கிறவள். சின்ன வயசில், கோயிலுக்குப் பளிங்கு வேலை செய்ய வந்த ஓர் இத்தாலிக் கொத்தனாரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டிருக்கிறாள். ஒரு பெண் பிறந்து, அதற்குப் பல் முளைக்கும் முன்பே அவன் விஷ ஜுரத்தில் போய்விட்டான். ஆள்தான் போனானே தவிர, அவன் தேசம் இவளை விட்டுப் போகவில்லை. பெண்டாட்டி புருஷன் தேசத்தைச் சேர்ந்தவள், புருஷன் செத்தாலும் அப்படியே என்பது அப்போது சட்டம். ரோசம்மா போன தூர தேசம் வேளாங்கண்ணி.

எங்கள் சூப்பரிண்டெண்டெண்ட் சேஷகிரி ஐயர் புஸ்தகத்தை இரண்டு தரம் புரட்டிப் பார்த்து, "சந்தேகமே இல்லை, ஓய். இவ இத்தாலி" என்று தீர்ப்புச் சொன்னார். வாசலில் நின்றிருந்த எங்கள் டவாலி சேவகர் கௌஸ் பாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னா சார் இது? என் புள்ளைங்க நாலும் இந்தம்மா கையில பொறந்ததுங்க. அதுங்க நாலும் இப்போ எந்தக் கட்சி?"

கல்யாணக் கணக்கு

இன்னொரு திங்கட்கிழமை. ரோசம்மா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளை வெளேரென்று ஓர் அம்மாள், ஒன்பது கஜம் கட்டி, மூக்குத்தி மின்ன, உள்ளே வந்தாள். பிறந்தது ஜெர்மனியில். லஸ்ஸில் ஒரு என்ஜினீயர் சம்சாரம். "எங்காத்துக்காரர் போய்ப் பதிஞ்சுண்டு வந்துடுன்னார்" என்றாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கடைசியாக ஓர் அசல் எதிரி!

சேஷகிரி ஐயர் எழுந்து நின்று கும்பிட்டார். "நீங்க எதுக்கு மாமி வந்தேள்? ஆத்துக்காரர் நம்மவர், அதனால நீங்களும் நம்மவா. காசி, ராமேசுவரம் எங்க வேணா போங்கோ. பர்மிட்டாவது ஒண்ணாவது!" என்று படிவரை போய் வழியனுப்பினார். ரோசம்மா அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாமி இறங்கிப் போனதும் என்னிடம் கேட்டாள்: "அந்தம்மா நம்ம ஊரு, நான் அவங்க ஊரா? எங்கியோ கண்ணாலப் பந்தல்ல பொண்ணுங்கள மாத்தி இட்டுக்கினு போயிட்டாங்க போலக் கீதே நைனா!"

ஐயர் கட்சி

சும்மா சொல்லக் கூடாது. சேஷகிரி ஐயர் மனசாட்சி இல்லாமல் வேலை பார்த்தவர் அல்ல. எதிரி தேசத்தார் போக்குவரத்தை ஏன் அடைக்க வேண்டும் என்பதற்கு அவரிடம் அருமையான வாதம் இருந்தது. மத்தியானம் தயிர்சாதம் ஆனதும் ஆரம்பிப்பார். "ஓய், ஒரு தேசம் அக்கிரமமா பக்கத்து தேசத்துல புகுந்து அடிச்சு நொறுக்கறது. அந்த தேசத்து மனுஷா நம்ம ஊர்ல ஐஸ்கிரீம் சாப்பிட்டுண்டு, மலைவாசஸ்தலத்துக்கு ரயிலேறிண்டு இருந்தா அது நியாயமா? அடி வாங்கினவன் பார்த்தா என்ன நினைப்பான்? வழியை அடை! அப்பத்தான் உறைக்கும். ஊருக்குக் கடுதாசி போடுவா. 'உங்களால எங்களுக்கு அவமானம்'னு அவா ராஜாவைக் கேப்பா. சண்டை தானா நிக்கும்."

கேட்கிறபோது எனக்கு உடம்பு சிலிர்க்கும். சரியான பேச்சு என்றே தோன்றும். அப்புறம் பெஞ்சில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் ரோசம்மாவைப் பார்ப்பேன். இவள் எந்த ராஜாவுக்குக் கடுதாசி போடுவாள்? இவளுக்குக் கையெழுத்தே வராது, இடது கைப் பெருவிரல்தான்.

இந்த வாதத்தைத் தியாகராய நகரில் என் வீட்டில் போய் அவிழ்த்துவிட்டேன். என் மச்சினன் ஜவுளிக்கடையில் வேலை, கதர் கட்டுகிறவன். திருநெல்வேலிப் பேச்சு அவனுக்குப் பட்டணம் வந்தும் போகவில்லை. சோற்றைப் பிசைந்தபடி முழுக்கக் கேட்டான். "ரொம்ப சரி அத்தான். அடுத்தவன் நாட்டுல அக்கிரமமாப் புகுந்தவனுக்கெல்லாம் வழிய அடைக்கணும். அப்பம் உங்க ஆபீஸ் துரைக்கு பர்மிட் குடுக்கது யாரு?" என்றான். நான் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வந்து சேர்ந்த தாள்

இதைச் சொல்லத்தான் வேண்டும், சிரிப்பு வராது. ரோசம்மாவின் பெண் லூர்துவைப் பாலவாக்கத்தில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை மிக்கேல் தென்னந்தோப்புக் குத்தகைக்காரன். தங்கமான பையன். அவனைக் கட்டிக்கொண்டதால் இத்தாலிக்காரன் பெண் லூர்து நம்மவளாகிவிட்டாள். மீனவக் குப்பத்தில் பிறந்த ரோசம்மா எதிரியாகவே இருந்தாள். முதல் பிரசவம் தாய் வீட்டில்தானே? ஆனால் லூர்துவின் மாமியார், "வாராவாரம் சர்க்காருக்கு முகம் காட்டுற வூட்டுக்குப் புள்ளத்தாச்சிய அனுப்ப மாட்டேன்" என்று நிறுத்திவிட்டாள். சரி, நான் அங்கே போகிறேன் என்று ரோசம்மா பர்மிட் கேட்டாள்.

காகிதம் மேலே போனது. பாலவாக்கம் கடற்கரை ஊர் ஆயிற்றே, எதிரி தேசத்தாரைக் கடலோரமாக விடலாமா என்று துரை கேள்வி போட்டார். அவள் இப்போது குடியிருப்பதே கடலோரம் என்று நாங்கள் பதில் போட்டோம். அப்படியானால் அதைப் பற்றி முதலில் விளக்கம் தேவை என்று திரும்பி வந்தது. கடைசியில் பர்மிட் வந்து சேர்ந்தபோது பாலவாக்கத்தில் குழந்தை பிறந்து, அன்றைக்கே போய்விட்டிருந்தது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டிருந்ததாம். பக்கத்தில் இருந்த பெண்பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ரோசம்மா அந்தத் தாளை வாங்கவில்லை. கோபிக்கவும் இல்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தன் இரண்டு விரலையும் என் முன்னால் நீட்டி, மாலையைக் கழற்றுவதுபோல் வளைத்துக் காட்டினாள். அவள் சொன்னது இவ்வளவுதான்: "இப்டி வுட்டு எடுத்தா வந்துடும் நைனா. ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் எடுத்து வுட்டவ நான்."

பல் டாக்டர் கட்சி

அதற்கப்புறம் ஐயரின் வாதத்தை நான் காது கொடுத்துக் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அதையும் கெடுத்தார் ஒருவர். ஜெர்மன் பல் டாக்டர். அவர் ஜனங்களை அவர் தேசத்து ஆட்சியாளர்களே வேட்டையாடினார்கள் என்று உயிருக்குப் பயந்து ஓடிவந்து, மயிலாப்பூரில் பல் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் ஜெர்மனி என்பதால் எதிரி. ஐயரின் கடைவாய்ப் பல்லையும் அவர்தான் பிடுங்கினார். இவர் ஐயர் கட்சியை உடைப்பார் என்று ஆவலோடு அவரைக் கிளறிவிட்டேன்.

அவரோ, "உங்கள் சூப்பரிண்டெண்டெண்ட் சொல்வது முழுக்க உண்மை" என்றார், ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையாகத் தேடி எடுத்து. அவர் தேசம் பக்கத்து நாட்டில் புகுவதற்கு முந்திய கோடையில், இளவட்டங்கள் உல்லாசப் பிரயாணிகள் என்று காமிராவும் கையுமாக அங்கே போனார்களாம். பாலங்களை அழகு அழகு என்று படம் பிடித்தார்களாம். மறு வருஷம் அதே முகங்கள் உடுப்பு மாட்டிக்கொண்டு அதே பாலங்கள் வழியாக வந்தன. "அன்றைக்கே அவர்களுக்கு விசா கிடையாது என்று சொல்லியிருந்தால்!" என்று மேஜையில் குத்தினார். "அப்படியானால் நீங்கள் எப்படித் தப்பித்தீர்கள் டாக்டர்?" என்று கேட்டேன். அவரும் உல்லாசப் பிரயாண விசாவில்தான் அந்த நாட்டுக்குள் நுழைந்து, அங்கிருந்து கப்பல் ஏறினாராம்.

எனக்குத் தலை சுற்றியது. வேவுகாரனும் உயிர் பிழைக்க ஓடுகிறவனும் ஒரே கதவு வழியாக ஒரே சீட்டைக் காட்டிக்கொண்டு வந்தால், கதவை என்னதான் செய்வது? சாத்துவதா, திறப்பதா? டாக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு ரொம்ப யோசித்துச் சொன்னார்: "சாத்துங்கள். கட்டாயம் சாத்துங்கள். நான் உள்ளே வந்த பிறகு சாத்துங்கள்."

பாலத்தில் ஒரு பாதிரியார்

ஜெர்மன் பாதிரியார் ஒருவருக்குச் சாயங்காலம் உலாவுகிற வழக்கம். ஜெபம் சொல்லிக்கொண்டே நடந்தவர், ஞாபகம் இல்லாமல் அடையாற்றுப் பாலத்தில் ஏறிவிட்டார். பாதிப் பாலத்தில் ஒரு கான்ஸ்டபிள் பிடித்தான். பிடித்தவன் திரும்பிக் கூட்டிவரக் கூடாதோ? ஸ்டேஷன் அந்தப் பக்கம்தான் கிட்டே என்று, பாலத்தைத் தாண்டி அடையாற்றுப் பக்கம் நடத்திக்கொண்டு போய்விட்டான். பர்மிட் இல்லாமல் எல்லை தாண்டினார் என்று எங்களுக்குப் புகார். "நான் பாதியில் நின்றேன், மீதிப் பாதி இவர்தான் தாண்ட வைத்தார்" என்று பாதிரியார்.

திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் விசாரணை. பெஞ்சில் ரோசம்மாவும் இருந்தாள். ஐயர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துத் தீர்ப்பைச் சொன்னார்: "ஓய், பிரயாணம்னா ஒருத்தர் தானாப் போறது. காவல்ல இருக்கறவர் போறதில்லை, கொண்டுபோகப்படறார். தபால் ஆபீஸ்ல பார்சல் போறதே, அந்தப் பார்சலுக்கு யாராவது பர்மிட் கேக்கறாளோ?"

ஊர் ஓடியபோது

ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணம் காலியானதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் ஓடியவர்கள்தான். நானும் குடும்பத்தைத் திருநெல்வேலிக்கு ரயிலேற்றிவிட்டேன். கச்சேரி ரோட்டில் மாட்டு வண்டிகள் வரிசை வரிசையாக மேற்கே போயின. அண்டா, தவலை, ஊஞ்சல் பலகை, சுவாமி படம் எல்லாம் போயிற்று. எங்கள் ஆபீஸையும் வெளியூருக்கு மாற்றுவதாகச் சொல்லித் துரை முதலில் போனார். எந்த ஊர் என்று அப்புறம் தந்தி வருமாம். ஐயர் அடுத்து மூட்டை கட்டினார். "நீர் இருந்து பாத்துக்கும் ஓய். எதிரிகள்ல ஒருத்தர் பட்டணத்தை விட்டு நகரப்படாது, ஜாக்கிரதை!" என்று என் தோளைத் தட்டிவிட்டு ரயிலுக்கு ஓடினார். மாடியில் நானும் கௌஸ் பாயும்.

திங்கட்கிழமை வந்தது. பால்காரன் இல்லை, காபி கிளப் இல்லை, மாட வீதியில் ஈ காக்காய் இல்லை. ஆனால் பதினோரு மணிக்கு எங்கள் மாடிப்படியில் சத்தம் கேட்டது. பல் டாக்டர் வந்தார். பாதிரியார் வந்தார். ரோசம்மா வந்தாள். ஒருவர் குறையவில்லை. பிரஜைகள் எல்லோரும் ஓடிவிட்ட ஊரில் எதிரிகள் மட்டும் நேரம் தவறாமல் வந்து முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். இவர்களை நான் காவல் காக்கிறேனா, எனக்குத் துணையாக இவர்கள் இருக்கிறார்களா என்றே எனக்குப் புரியவில்லை. "பயமாக இல்லையா அம்மா? நீயும் எங்கேயாவது போகக் கூடாதா?" என்று என்னையும் மறந்து கேட்டுவிட்டேன். ரோசம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். "எல்லாத்தையும் வுட்டுட்டு ஓடறதுக்கு நாங்க இன்னா நம்ம ஊருக்காரங்களா? எங்களாண்ட பர்மிட் இல்லியே நைனா!"

காவலில் ஒரு பார்சல்

அந்த வாரத்திலேயே ஒரு காலை. பாலவாக்கத்திலிருந்து ஓடியே வந்திருந்தான் மாப்பிள்ளை மிக்கேல். லூர்துவுக்கு மறுபடியும் பேறுகாலம், விடியற்காலையில் வலி எடுத்துவிட்டது. அந்த ஊரில் பிரசவம் பார்க்கிற பெண்பிள்ளையும் பயந்து ஊரைவிட்டுப் போய்விட்டாளாம். "அம்மா இல்லாம நான் பெத்துக்க மாட்டேன்னு அழுவுது சார்" என்று சொல்லிக் கையைப் பிசைந்தான். அவனுக்குப் பின்னால் ரோசம்மா, மடியில் கத்தரிக்கோலும் நூலுமாக. "பர்மிட் குடு நைனா" என்றாள். கையெழுத்துப் போடத் துரை இல்லை. ஐயர் இல்லை. அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதும் தெரியாது. பாலத்தில் புதிதாகக் காவலுக்கு நிறுத்தியிருந்த சிப்பாயிடம் என் கையெழுத்துக்குக் காலணா மதிப்புக் கிடையாது.

"சும்மா போய்ப் பாரேன் அம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? "துப்பாக்கி வெச்சிக்கினு நிக்கறானே. அவனாண்ட மாட்டி நான் ஸ்டேஷன்ல குந்திக்கினா, அங்க புள்ளைய யாரு எடுக்கறது?" என்றாள். அப்புறம் என்னையே உற்றுப் பார்த்தாள். "பார்சலுக்கு பர்மிட் வாணாம்னு ஐயிரு சொன்னாரில்ல? என்னை அரஸ்ட் பண்ணி இட்டுக்கினு போ." "குற்றம் செய்யாதவளை எப்படியம்மா பிடிப்பது? எல்லை தாண்ட முயற்சி பண்ணினால்தான் பிடிக்க எங்களுக்கு அதிகாரம்" என்றேன். "இவ்ளோதானா?" என்று சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, "தோ, பாலத்த தாண்டப் போறேன்!" என்று கூவியபடி படியிறங்கினாள். கௌஸ் பாய் நாலு படி தாவிப்போய் அவள் கையைப் பிடித்து, "புடிச்சிட்டேன் சார்!" என்று அங்கிருந்தே சலாம் போட்டார்.

பிடித்தாயிற்று. பிடித்த எதிரியை அருகிலுள்ள மேலதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. நான் விதிப்படி நடக்கிறவன். "மேலதிகாரி எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாதே பாய், எந்த வழியாகப் போவது?" என்று கேட்டேன். கௌஸ் பாய் பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். "தெரியாத ஊருக்குப் பாலவாக்கம் வழியா போனா இன்னா சார், மைலாப்பூர் வழியா போனா இன்னா?"

எங்கே இத்தாலிக்காரி?

ஊரிலே மிச்சமிருந்த ஒரு ஜட்காவைப் பிடித்தோம். அது ஓடவில்லை, உருண்டது. பாலத்தில் சிப்பாய் மறித்தான். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பொய் சொல்கிறவன் முழி எனக்கு வந்துவிட்டது. "எதிரி தேசத்து ஆசாமியைக் காவலில் கொண்டுபோகிறோம். இத்தாலி" என்றேன். சிப்பாய் நம்மூர்க்காரன். இத்தாலிக்காரியைப் பார்க்கும் ஆசையில் ஜட்காவுக்குள் தலையை விட்டான். மிக்கேலைப் பார்த்தான், கௌஸ் பாயைப் பார்த்தான், ரோசம்மாவை நன்றாகப் பார்த்துவிட்டு அவளிடமே கேட்டான்: "ஏம்மா, வண்டியில இத்தாலிக்காரி யாரோ கீறாங்களாமே, எங்க?" ரோசம்மா சிரிக்கவில்லை. "முன்னாடி வண்டில போயிட்டா நைனா, வழிய வுடு!"

பாலவாக்கம்

தோப்புக்குள் இருந்த குடிசை வாசலில் லூர்துவின் மாமியார் நின்றிருந்தாள். பெல்ட் போட்ட சேவகரைக் கண்டதும் தலையில் கையை வைத்துக்கொண்டாள். ரோசம்மா அவளை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகளும் மரத்தடியில் நின்றோம். லூர்து போட்ட கூச்சல் தோப்பு முழுவதும் கேட்டது. பிறகு கூச்சல் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. மிக்கேல் மணலில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அந்த வந்து சேர்ந்த தாள்தான் ஞாபகம் வந்தது. கௌஸ் பாய் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். எனக்கு வாயில் ஒரு சாமி பெயரும் வரவில்லை.

அப்புறம் 'குவா' என்றது. அப்பா! அப்படி ஒரு சத்தத்தை நான் என் சொந்தப் பிள்ளை பிறந்தபோதுகூடக் கேட்டதில்லை. மிக்கேல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்? ரோசம்மா வெளியே வந்து, அதே இரண்டு விரலை எங்களுக்குக் காட்டினாள். இந்தப் பிள்ளைக்கும் கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம். ஆண் பிள்ளை. அத்தனை நாள் வெறுத்த மாமியார், கருப்பட்டிக் காபியைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து, முதலில் சம்பந்திக்கு நீட்டினாள்.

சந்தோஷத்தில் நான் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். "சரி ரோசம்மா, உன்னை விடுதலை செய்துவிட்டேன். நிம்மதியாக இரு" என்றேன். அவள் கையிலிருந்த தம்ளர் சரிந்தது. "ஐயையோ, அப்டி பண்ணிடாத நைனா! வுட்டுட்டா நான் பர்மிட் இல்லாம எல்லைக்கி இந்தாண்ட கீறவ. புள்ளைக்கித் தலைக்கி ஊத்தற வரைக்கும் அரஸ்ட்லயே வெச்சிரு!"

சேஷகிரி ஐயர் திரும்பி வந்தார்

கௌஸ் பாயைக் காவலுக்கு வைத்துவிட்டு நான் ஆபீஸுக்குத் திரும்பினேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிந்ததும் கைதியும் காவலரும் வந்து சேர்ந்தார்கள். காவலர் மீன் குழம்பு சாப்பிட்டுச் சாப்பிட்டு ஒரு சுற்றுப் பெருத்திருந்தார். ஜப்பான்காரன் வரவில்லை, ஐயர் வந்தார். வந்ததும் முதல் கேள்வி: "எதிரிகள்ல எத்தனை பேர் ஓடினா, ஓய்?" ஒருவரும் இல்லை என்றேன். அவருக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு ரோசம்மா விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "பிரயாணம் பண்ணலை, கொண்டுபோகப்பட்டா. அது சரி" என்றார். "பிடிச்சேள், அதுவும் சரி. மேலதிகாரிகிட்ட ஒப்படைச்சேளா? இல்லை. விடுதலை பண்ணினேளா? இல்லை. அப்போ அவ இன்னிக்கும் காவல்லதானே இருக்கா?" அவரைப் பார்த்தேன். முகத்தில் சிரிப்பு இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்கும் பெண் இருக்கா, ஓய். இந்தக் காவலை எடுக்கணும்னு எனக்குத் தோணலை" என்றார். போக்குவரத்தை அடைக்க வேண்டும் என்ற தன் கட்சியை அவர் கடைசிவரை விடவில்லை. ரோசம்மாவையும் கடைசிவரை விடுதலை செய்யவில்லை.

யுத்தம் முடிகிற வரை அப்படியே நடந்தது. மகள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் ரோசம்மா மாடியேறி வருவாள். ஒரு கையில் பேரனுக்குக் கிலுகிலுப்பை, இன்னொரு கையை கௌஸ் பாய் பக்கம் நீட்டிக்கொண்டு என்னிடம் கேட்பாள்: "பேரன பாக்கணும்னு கீது நைனா. கொஞ்சம் புடிச்சிக்கினு போகச் சொல்றியா?"

அக்கிரமம் செய்கிற தேசத்தாருக்குக் கதவைச் சாத்தத்தான் வேண்டும் என்ற கட்சியில் நான் இன்றைக்கும் இருக்கிறேன். கதவுக்கு எந்தப் பக்கம் நின்றுகொண்டு சாத்துவது என்பதைத்தான் யாரும் எனக்கு இன்னும் சொல்லவில்லை.